முந்திரிக்கொட்டை என்று திட்டு வாங்கியிருக்கிறீர்களா?

மாணவர்களே, வீட்டுக்கு உறவினர்கள் வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் எதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யோசித்துக் கொண்டிருக்கும் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியும். சட்டென்று சொல்லிவிடுகிறீர்கள். "பெரியவங்க பேசும்போது என்ன முந்திரிக்கொட்டை மாதிரி?" என்று அம்மா முறைக்கிறார். நீங்கள் சொன்னது சரியா, தவறா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் திட்டில் ஒரு தாவரவியல் உண்மை இருப்பது உங்களுக்குத் தெரியுமா? முந்திரி மரத்தில் கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும். முதலில் வளர்வதும் அதுதான். அதற்குப் பிறகுதான் காம்பு பருத்து, சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறுகிறது. நாம் பழம் என்று நினைப்பது பருத்த காம்பு. தாவரவியல் கணக்கில் உண்மையான கனி வெளியே தொங்கும் அந்தக் கொட்டைதான். ஆக, "முந்திரிக்கொட்டை" என்று திட்டியவர் உங்களைப் பாராட்டியிருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளலாம். இதை அம்மாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

இன்றைய பாடம் தாவரவியல் இல்லை. ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கும்போது, அவர்கள் வளர்ந்த பண்பாடு அந்த யோசனைகளை என்ன செய்கிறது என்பதுதான். உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். முதலில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு யோசனை காணாமல் போன கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இடைநிலைப்பள்ளியில் புத்தாக்கப் போட்டிக்கான குழு ஒன்றுக்கு வழிகாட்டியாக இருந்தேன். ஐந்து மாணவர்கள். படிவம் 5 மாணவி ஒருவர் தலைவி. மிகவும் இளையவன் படிவம் 1 மாணவன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வீணாகும் உணவை எப்படிக் குறைப்பது என்பதுதான் தலைப்பு.

தலைவி முதலில் பேசினார். உணவை வீணாக்காதீர் என்று சுவரொட்டிகள் ஒட்டலாம், மிச்ச உணவைப் போட ஒரு தனித் தொட்டி வைத்து உரமாக்கலாம் என்றார். "நல்ல யோசனை!" என்றேன் நான். அதற்குப் பிறகு நாற்பது நிமிடங்கள் பேசினோம். தொட்டிக்கு என்ன நிறம், சுவரொட்டியில் என்ன படம், மூடியைக் காலால் திறப்பதா கையால் திறப்பதா என்றுதான் பேச்சு ஓடியது. வேறொரு யோசனை வரவே இல்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்தப் படிவம் 1 மாணவன் என் பக்கத்தில் வந்தான். "டீச்சர், மாக்சிக் எல்லாருக்கும் ஒரே அகப்பையில்தான் சோறு போடுறாங்க. எனக்கு அது ரொம்ப அதிகம். சின்ன அகப்பை, பெரிய அகப்பை ரெண்டு வச்சா என்ன?" என்றான்.

நான் நின்றுவிட்டேன். நாங்கள் ஐவரும் (என்னையும் சேர்த்துத்தான்) மிச்சமான சோற்றை என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருந்தோம். இவன் சோறு ஏன் மிச்சமாகிறது என்று யோசித்திருக்கிறான்.

"இதை ஏன்டா உள்ளே சொல்லவில்லை?"

"அக்கா சொல்லிட்டாங்க, டீச்சர்."

அந்த மூன்று சொற்களை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை. அவன் பயந்தவனாகத் தெரியவில்லை. அக்கா அவனை அடக்கவும் இல்லை. அவர் மிகவும் அன்பானவர். "நல்ல யோசனை" என்று நான் சொன்னதிலும் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டோம். ஆனால் அறையில் இருந்த மிகச் சிறந்த யோசனை வாயை எட்டாமலே போய்விட்டது.

கோடுகளை வைத்து ஒரு சோதனை

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். மிக எளிமையான சோதனை அது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தனியாகச் செய்தால் நூற்றில் ஒருமுறைகூடத் தவறு வராது.

ஓர் மாணவர் அறைக்குள் வருகிறார். ஏற்கெனவே சிலர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் தம்மைப் போல வந்தவர்கள்தாம் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அவர்கள் எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகள் நடக்கும். அவற்றில் 12 சுற்றுகளில் அவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூசாமல் சொல்வார்கள். கடைசி ஆளாக, அல்லது கடைசிக்கு முந்திய ஆளாக, நம் மாணவர் விடை சொல்ல வேண்டும்.

கண்முன்னே தெரியும் கோட்டை நம்புவதா, பக்கத்தில் இருப்பவர்களை நம்புவதா? அந்த 12 சுற்றுகளில் வந்த விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போயின. சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் ஒரு முறையாவது கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். கடைசிவரை அசையாமல் நின்றவர்கள் நான்கில் ஒருவர்.

இதைப் படித்ததும் "நான் அந்த நான்கில் ஒருவன்" என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் "நல்ல யோசனை!" என்று நான் முந்திக்கொண்டது நினைவுக்கு வந்தது.

ஆஷ் அத்தோடு நிற்கவில்லை. சூழ்நிலையைச் சற்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தார். உடனே, கூட்டத்தோடு ஒத்துப்போவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. இன்னொரு முறை, விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னார். அப்போதும் பெருமளவு குறைந்தது. கூட்டம் அதே கூட்டம்தான், கோடும் அதே கோடுதான். வாய்க்குப் பதிலாகக் கை. அவ்வளவுதான் வேறுபாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஊருக்கு ஊர் வேறுபடுமா?

ஆஷ் செய்தது அமெரிக்காவில். இதே சோதனையைப் பிற நாடுகளில் செய்தால் என்ன ஆகும்? பலர் செய்து பார்த்தார்கள். ராட் பாண்ட், பீட்டர் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 17 நாடுகளில் நடந்த 133 சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி, 1996இல் வெளியிட்டார்கள். குடும்பம், குழு, சமூகம் ஆகியவற்றை முன்னிறுத்தும் பண்பாடுகளில் கூட்டத்தோடு ஒத்துப்போவது அதிகம். தனிமனிதரை முன்னிறுத்தும் பண்பாடுகளில் குறைவு. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அமெரிக்காவிலேயே 1950களில் இருந்த அளவு பின்னாளில் இல்லை, குறைந்திருந்தது. பண்பாடு என்பது கல்லில் செதுக்கியது அல்ல, ஒரே நாட்டுக்குள் சில தலைமுறைகளில் மாறக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டைப் பற்றி ஒரு புகழ்பெற்ற எண் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட, ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் எடுத்த கருத்தாய்வுகளை வைத்து, "அதிகாரத் தூரம்" என்ற அளவைக் கணக்கிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே அந்த அளவு. அவருடைய அந்தப் பட்டியலில் மலேசியாவுக்கு 104. எல்லா நாடுகளையும்விட அதிகம். சிங்கப்பூருக்கு 74.

இப்படி ஓர் எண்ணைப் பார்த்தவுடன் அறிவியல் மாணவர் என்ன செய்ய வேண்டும்? சந்தேகப்பட வேண்டும். முதலில், 104 என்பது சதவீதம் அல்ல. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான எண். அதனால்தான் நூறைத் தாண்ட முடிகிறது. இரண்டாவது, அது ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம், உங்கள் தாத்தா பாட்டி வேலைக்குப் போன காலத்தில் எடுத்தது. மூன்றாவது, நாட்டின் சராசரியை வைத்து ஒரு தனி ஆளைக் கணிக்க முடியாது. மலேசியர்களின் சராசரி உயரம் தெரிந்தால் உங்கள் வகுப்புத் தலைவரின் உயரம் தெரிந்துவிடுமா? ஆகவே, "நாம் மலேசியர்கள், அதனால்தான் பேசமாட்டோம்" என்று யாராவது இந்த எண்ணைக் காட்டி முடித்துவிட்டால் நம்பாதீர்கள். ஆனாலும் மாணவன் "அக்கா சொல்லிட்டாங்க" என்று நிறுத்திக்கொண்டதற்கும் அந்த அளவுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நம்மைச் சுற்றி இருக்கும் சொற்களைக் கவனியுங்கள். தமிழில் கூச்சம். மலாயில் மாலு. ஹொக்கியனில் பைசே. அதிகமாகப் பேசும் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதிகப்பிரசங்கி. ஜப்பானில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிதான் சுத்தியலால் அடிவாங்கும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. கியாசு என்ற ஹொக்கியன் சொல்லும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோற்றுவிடுவோமோ, பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றம் அது. கியாசு உள்ள குழு எப்போதும் கேட்கும் கேள்வி: "போன வருஷம் ஜெயிச்ச குழு என்ன செய்தது?" அந்தக் கேள்வியோடு தொடங்கும் புத்தாக்கத் திட்டத்தில் எவ்வளவு புதுமை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"தனித்து நிற்பதால் என்ன நன்மை?"

ஒத்துப்போவது வேறு, ஆக்கச் சிந்தனை குறைவது வேறு அல்லவா? கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொல்பவருக்குப் புதிய யோசனை வராது என்று எப்படிச் சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜாக் கொன்சாலோ, பேரி ஸ்டா என்ற இருவர். 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இது.

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு வகைக் குழுக்களிடம், தங்களைப் பற்றியும், தாங்கள் மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்கள் என்றும், தனித்து நிற்பதால் என்ன நன்மை என்றும் சில வாக்கியங்கள் எழுதச் சொன்னார்கள். மற்றக் குழுக்களிடம், தாங்கள் சேர்ந்திருக்கும் கூட்டங்களைப் பற்றியும், தாங்கள் மற்றவர்களை எப்படி ஒத்திருக்கிறார்கள் என்றும், கலந்து கரைந்துவிடுவதால் என்ன நன்மை என்றும் எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வேலை: காலியான ஓர் உணவகத்தின் இடத்தில் என்ன தொழில் தொடங்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

பாதிக் குழுக்களிடம் "ஆக்கச் சிந்தனையோடு யோசியுங்கள்" என்றும், மீதியிடம் "நடைமுறைக்கு ஏற்றபடி யோசியுங்கள்" என்றும் சொல்லப்பட்டது. ஆக்கச் சிந்தனை கேட்கப்பட்டபோது, தனித்து நிற்பதைப் பற்றி எழுதிய குழுக்களே அதிக யோசனைகளையும் அதிகப் புதுமையான யோசனைகளையும் தந்தன.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது எது தெரியுமா? யாரும் வேறு நாட்டில் பிறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளில் சில வரிகள் எழுதியதே குழுவின் போக்கை மாற்றப் போதுமானதாக இருந்தது. பண்பாட்டு எதிர்பார்ப்பு நம் இரத்தத்தில் ஓடும் ஒன்று அல்ல, அந்த நேரத்தில் அந்த அறையில் எது சரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோமோ அதுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

காத்திருக்கும்போது கரையும் யோசனை

இன்னொரு தடையும் இருக்கிறது. இது யாருடைய குணத்தையும் சார்ந்தது அல்ல.

குழுவாக உட்கார்ந்து மனத்தில் தோன்றுவதையெல்லாம் சொல்லும் முறையை பிரெய்ன்ஸ்டார்மிங், சிந்தனைக் கிளறல் என்கிறோம். அதைப் புகழ்பெறச் செய்தவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். யாரும் யாரையும் குறைசொல்லக்கூடாது, யோசனைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பவை அவருடைய விதிகளில் இரண்டு. குழுவில் ஒருவர் யோசனை இன்னொருவர் யோசனையைத் தூண்டும் என்று அவர் நம்பினார். கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது!

1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்த குழுக்கள் ஒரு பக்கம். தனித்தனியே உட்கார்ந்து யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்து, ஒரே யோசனை இருமுறை வந்தால் ஒன்றாகக் கணக்கிட்டு உருவாக்கிய "காகிதக் குழுக்கள்" மறுபக்கம். கொடுத்த கேள்விகளில் ஒன்று வேடிக்கையானது: இனிப் பிறக்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஒரு கட்டைவிரல் இருந்தால் என்ன நன்மை, என்ன தொல்லை? ஒருவரையொருவர் பார்க்காத காகிதக் குழுக்கள் கிட்டத்தட்ட இரு மடங்கு யோசனைகளைத் தந்தன.

ஏன்? மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை தேடினார்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமா? மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற சோம்பலா? அல்லது ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதா? கடைசிக் காரணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்காரவைத்து, முன்னால் போக்குவரத்து விளக்கு போன்ற விளக்குகளை வைத்தார்கள். வேறொருவர் பேசும்போது உங்கள் அறையில் பச்சை எரியாது; நீங்கள் பேச முடியாது. யாரும் உங்களைப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் யோசனைகளின் எண்ணிக்கை சரிந்தது. வெறும் காத்திருப்பே அதற்குப் போதுமாக இருந்தது.

உங்கள் அனுபவத்தில் இது உண்டு. சொல்ல நினைத்ததை மறந்துவிடாமல் மனத்துக்குள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்; அதனால் புதிதாக எதுவும் தோன்றாது. உங்கள் முறை வரும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இப்போது சொன்னால் சம்பந்தமில்லாமல் இருக்குமே என்று விட்டுவிடுவீர்கள்.

இதோடு வயது வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் ஆசிரியர், பிறகு படிவம் 5 அக்கா, பிறகு படிவம் 4 அண்ணன்கள். படிவம் 1 மாணவனுக்கு நாற்பது நிமிடமும் சிவப்பு விளக்குதான். அவன் அறையில் பச்சை எரிந்தது படிக்கட்டில்தான்.

அப்படியானால் மரியாதையை விட்டுவிடுவதா?

வேண்டாம். அது தேவையும் இல்லை, பலிக்கவும் பலிக்காது. குழுவை முன்னிறுத்தும் பண்பாட்டில் புதுமையே பிறக்காது என்றால் டொயோட்டா எப்படி வந்தது? அந்நிறுவனம் 1951இல் தொழிலாளர்கள் யோசனை சொல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலைகளில் ஒரு கயிறு தொங்கும். கோளாறைக் கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும் அதை இழுத்து உதவிக்கு அழைக்கலாம்; உடனே சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி அடிவாங்கும் என்று சொல்லும் அதே நாடு! அங்கே தொழிலாளி மேலாளரை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. கயிற்றை இழுப்பது அவருடைய கடமை. இழுக்காமல் இருப்பதுதான் தவறு.

மேற்கத்தியப் பண்பாட்டிலும் வாயைக் கட்டும் எதிர்பார்ப்புகள் உண்டு. "யாரையும் குறைசொல்லாதே" என்ற ஆஸ்பர்னின் விதியே அப்படி ஒன்றுதான் என்று சந்தேகப்பட்டார் சார்லன் நேமெத். அவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடத்திய சோதனையை 2004இல் வெளியிட்டார்கள். போக்குவரத்து நெரிசலைக் குறைக்க யோசனை கேட்டார்கள். சில குழுக்களிடம் "குறைசொல்லாதீர்கள்" என்றார்கள். சிலவற்றிடம் "விவாதியுங்கள், தேவைப்பட்டால் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுங்கள்" என்றார்கள். சிலவற்றிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாடுகளிலும் விவாதிக்கச் சொன்ன குழுக்கள் நன்றாகச் செய்தன.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மறுத்துப் பேசுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு மேடை இருக்கிறதே! பட்டிமன்றத்தில் இருபது வயதுப் பேச்சாளர் அறுபது வயதுப் பேச்சாளரின் வாதத்தைச் சபை நடுவே துண்டு துண்டாக்குவார். சபை கைதட்டும். அந்த அறுபது வயதுக்காரரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். யாரும் அதிகப்பிரசங்கி என்று சொல்வதில்லை. ஏனென்றால் "நடுவர் அவர்களே" என்று தொடங்கிவிட்டால் மறுத்துப் பேசுவது அவருடைய வேலையாகிவிடுகிறது. டொயோட்டாவின் கயிறும் பட்டிமன்றமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மரியாதை அப்படியே இருக்கிறது. அதற்குள் பேசுவதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பேச்சின் வரிசையை மாற்றுவது இன்னொரு வழி. பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் மிக இளையவரே முதலில் வாக்களிக்கும் மரபு உண்டு. மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பது இராணுவத்துக்குத் தெரிந்திருக்கிறது. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, அமெரிக்க அதிபர் கென்னடி தம் ஆலோசகர்களின் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். அதிபர் அறையில் இருந்தால் அதிபரின் எண்ணத்தைத்தான் எல்லோரும் ஊகிப்பார்கள்.

மறுபடியும் அந்த ஐவர்

அடுத்த வாரம் கூட்டத்துக்கு நான் பழைய தாள்களைச் சீட்டுகளாக வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒரு சீட்டில் ஒரு யோசனை. பெயர் எழுதக்கூடாது. பிறகு எல்லாவற்றையும் கலந்து மேசையில் பரப்பினோம்.

பாதிக்கு மேல் குப்பை. ஒரு சீட்டில் "பூனை வளர்க்கலாம்" என்று இருந்தது. அகப்பை யோசனையும் இருந்தது; அதன் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு சீட்டில், ஓய்வு நேரத்துக்குப் பிறகு உடற்கல்வி இருக்கும் வகுப்புகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் கால அட்டவணையை மாற்றிப் பார்க்க முதல்வரிடம் கேட்கலாம் என்று எழுதியிருந்தது. துணிச்சலான யோசனை. யாருடையது என்று ஊகிக்க முடியவில்லை. கடைசியில் அவரே சொன்னார். தலைவி.

"போன வாரமே தோணுச்சு டீச்சர். ஆனா நான் தலைவி, பொறுப்பா ஏதாவது சொல்லணும்ல? அதனால சுவரொட்டின்னேன்."

இளையவனை மட்டும்தான் அந்த எதிர்பார்ப்பு கட்டிப்போட்டிருந்தது என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவரையும் அது கட்டிப்போட்டிருந்தது.

அவர்கள் போட்டியில் பரிசு வாங்கவில்லை. மாக்சிக் மட்டும் இரண்டு அகப்பைகளுக்குச் சம்மதித்தார்.

செய்து பாருங்கள்

உங்கள் அடுத்த குழு இடுபணிக்கு ஜெர்மானியர் பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்ட 6-3-5 முறையைச் சோதித்துப் பாருங்கள். 6 பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தாளில் 3 யோசனைகளை 5 நிமிடத்துக்குள் எழுத வேண்டும். பிறகு தாளை வலப்பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அவர் முன்னே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதை வளர்த்தோ புதிதாகவோ மேலும் 3 யோசனைகள் எழுதுவார். தாள் முழு வட்டம் சுற்றும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. 30 நிமிடத்தில் எத்தனை யோசனைகள் சேரும்? 6 x 3 x 6 = 108. எல்லாம் நல்லவையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பூனைகளும் வரும். விவாதம் அதற்குப் பிறகுதான். விவாதத்தில் இளையவர் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும்.

இதை ஒரு முறையான சோதனையாகவே செய்ய விரும்பினால், தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தற்சார்பு மாறி: உரக்கப் பேசுவதா, எழுதுவதா. சார்பு மாறி: யோசனைகளின் எண்ணிக்கை, ஒரே யோசனை இருமுறை வந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: குழுவின் அளவு, நேரம், கேள்வியின் கடினம். ஒரே குழு இரண்டு முறையும் ஒரே கேள்வியைச் செய்தால் என்ன சிக்கல் வரும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். பேசும் கூட்டத்தில் ஒருவரை எழுத்தராக உட்காரவைத்து, யார் முதலில் பேசினார், ஒவ்வொருவரும் எத்தனை முறை பேசினார் என்று கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடுகூட விழாத பெயர் ஒன்று இருக்கலாம். சீட்டுகளைப் பிரிக்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள்.